முப்பத்திநாலுக்கு மேல் யாருமில்லை

தாட்சாயிணிக்குப் பொய் சொல்லவே வராது என்று அவள் புருஷன் கோவிந்தராஜ் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். பாவம், நல்ல மனுஷன். தாட்சாயிணி பொய் சொல்ல மாட்டாள்தான். ஆனால் எழுதுவாள். அதுவும் மலையளவு பொய் இல்லை, சுண்டுவிரல் நகத்தில் அடங்குகிற பொய். அந்தப் பொய்யை நம்பி ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு வரிசைப் பெண்களே ஐந்தாறு வருஷம் பூரித்துக் கிடந்தார்கள் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

அவள் பிறந்தது பக்கத்திலேயே, பருத்திப்பட்டு ஏரிக்கரையில். பயிர் வைக்கிற குடும்பம். கோவிந்தராஜுக்கு ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. கல்யாணமாகி குவார்ட்டர்ஸுக்குக் குடி வந்தபோதுதான் தாட்சாயிணிக்கு ஒரு விஷயம் புரிந்தது. பிறந்த ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில், தான் ஒரு வேற்றூர்க்காரி. சுற்றிலும் கும்பகோணம், கோயம்புத்தூர், திருநெல்வேலி என்று எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்கள். இவள் ‘இன்னா’ என்றாலும் ‘கீது’ என்றாலும் அவர்கள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். எதிர்வீட்டுப் பார்வதம் இன்னும் ஒரு படி மேலே. ஃபோர்மேன் சம்சாரம், குடியிருப்பு மாதர் மன்றத்தின் தலைவி, வாட்டசாட்டமான ஆள். கெட்டவள் கிடையாது. ஆனால் தாட்சாயிணி ஏதாவது சொன்னால், ‘எங்க, இன்னொரு தரம் சொல்லு’ என்று ரேடியோவில் பாட்டுக் கேட்கிறமாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பாள். தாட்சாயிணிக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும். சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் சொல்லித் தொலைப்பாள்.

எண்பத்தேழில் தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போனார்கள். எல்லாரும் தட்டகல அப்பளம் வாங்கித் தின்றபோது தாட்சாயிணி ஒரு கடையில் நின்று பேப்பர் கட்டிங் பாக்கெட் ஒன்று வாங்கினாள். மேல் அட்டையில் ஒரு பெண் கழுத்தை ஒடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே, ‘நம் ஜாக்கெட்டை நாமே தைப்போம். படத்தில் இருப்பது அளவு 34’ என்று அச்சிட்டிருந்தது. உள்ளே போர்வை அகலத்துக்கு ஒரு தாள். முன்பக்கம், முதுகு, கை, பட்டி என்று ஒவ்வொன்றையும் வரைந்து, ஒன்றுக்குள் ஒன்றாக ஆறு கோடுகள். உள்கோடு 32, அப்புறம் இரண்டிரண்டாக ஏறி வெளிக்கோடு 42. உனக்குத் தேவையான கோட்டின் மேல் வெட்டு, தைத்து மாட்டிக்கொள், அவ்வளவுதான் சமாசாரம். அப்பளத்தை விட்டுவிட்டுக் காகிதம் வாங்கிய ஒரே பெண்பிள்ளை நீதான் என்று கோவிந்தராஜ் வீடு வந்து சேரும்வரை புலம்பினான்.

கல்யாணச் சீராக வந்த தையல் மெஷின் அதுவரைக்கும் தலையணை உறை தவிர வேறெதையும் பார்த்ததில்லை. முதல் ஜாக்கெட்டைப் புதுத் துணியில் வெட்ட அவளுக்குத் தைரியம் வரவில்லை. கொடியில் காய்ந்த லுங்கியில் வெட்டினாள். அது நல்ல லுங்கி, கோவிந்தராஜ் இரண்டு நாள் அதைத் தேடினான். மூன்றாவது நாள் பெண்டாட்டி முதுகில் நீலக்கட்டத்தைப் பார்த்துதான் கண்டுபிடித்தான். ஆனால் குறை சொல்ல முடியவில்லை, தைத்த விதம் அப்படி. கழுத்து எழும்பவில்லை, கை இழுக்கவில்லை, அக்குளில் ஒரு சுருக்கம் இல்லை. கோலம் போட வந்த பார்வதமே பார்த்துவிட்டு, யார் தைத்தது என்று விசாரித்தாள். நானேதான் என்று இவள் சொன்னபோது, இன்னொரு தரம் சொல்லு என்று பார்வதம் கேட்கவில்லை.

அப்புறமென்ன. மெயின் ரோட்டு டெய்லர் தீபாவளி ஜாக்கெட்டைக் கார்த்திகைக்குக் கொடுக்கிற காலம் அது. மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு பழைய செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டு தாட்சாயிணி வீட்டுக்கு வந்துவிடுவார்கள். தரையில் செய்தித்தாள், அதன்மேல் கார்பன் தாள், அதன்மேல் பேப்பர் கட்டிங். மை தீர்ந்த பேனாவால் அவரவர் கோட்டை அழுத்தி ஓட்டினால் கீழே படம் விழும். வெட்டிக்கொண்டு போய் வீட்டில் தைத்துக்கொள்வார்கள். மெஷின் இல்லாதவர்களுக்குத் தாட்சாயிணியின் மெஷின். எதிர்வரிசைக் கஸ்தூரி வருவாள். ஈர்க்குச்சிக்குப் புடவை சுற்றிய மாதிரி இருக்கிற லோகநாயகி வருவாள். தாட்சா, இந்த வளைவு எப்படிப் போகணும், தாட்சா, டாட் எங்கே பிடிக்கணும் என்று மூலைக்கொரு குரல். இவள் ‘இன்னாக்கா, இங்க கீது பாரு’ என்று குனிந்து காட்டும்போது யார் உதட்டிலும் சிரிப்பில்லை. அந்த மத்தியானங்களுக்காக உயிரையே கொடுக்கலாம் போலிருந்தது தாட்சாயிணிக்கு.

வினை அளவில் வந்தது. நம் ஊர்ப் பெண்களுக்கு ஏது நம்பர்? டெய்லரிடம் பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்குக் கொடுப்பதுதான் வழக்கம். கூடக் கொஞ்சம் லூஸா தைங்க என்றால் உடம்பு போட்டிருக்கிறது என்று அர்த்தம், அதற்குமேல் அவனும் கேட்கமாட்டான். தன் நம்பர் என்ன என்று ஒருத்தி காதிலும் அதுவரை விழுந்ததில்லை. இப்போது முதல் முறையாகத் தாளில் ஆறு நம்பர் இருக்கிறது, ஒன்றைத் தொட வேண்டும். பார்வதம் அட்டைப்படத்தைப் பார்த்தாள். சிரிக்கிறவளுக்கு முப்பத்திநாலு என்று போட்டிருந்தது. எனக்கும் அதுதான் என்று சொல்லிவிட்டாள். தலைவியே சொன்னபிறகு மற்றவர்கள் அதற்கு மேலா போவார்கள்? வரிசையாக முப்பத்திநாலு, முப்பத்திநாலு. தாட்சாயிணி பயந்துகொண்டே டேப்பை நீட்டிப் பார்த்தாள்.

“நான் என்ன ரேஷன் கடை மூட்டையா, அளந்து பாக்கறதுக்கு?” என்றாள் பார்வதம். டேப் சுருண்டு டப்பாவுக்குள் போய்விட்டது.

அடுத்த வாரம் மன்றக் கூட்டம். ஏதோ தீர்மானம், ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்று பார்வதமே அறிவித்து, பார்வதமே முதலில் கையைத் தூக்கினாள். இழுத்துப் பிடித்து மாட்டியிருந்த புது ஜாக்கெட்டின் கொக்கிகள் தெறித்தன. ஒன்று மேஜைமேலிருந்த எவர்சில்வர் தம்ளரில் போய் டிங்கென்று விழுந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தாள், தீர்மானம் அம்போவென்று நின்றுவிட்டது. சாயங்காலத்துக்குள் தீர்ப்பு வந்துவிட்டது. பேப்பர் சரியில்லை, தாட்சாயிணி எவனிடமோ ஏமாந்து குப்பையை வாங்கி வந்திருக்கிறாள். அதோடு மத்தியானங்கள் முடிந்தன. யாரும் வரவில்லை. மெஷின்மேல் தூசி படிந்தது. எதிர்வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்ப்பாள், குப்பை கொட்ட வந்திருப்பார்கள். ஒருநாள் உட்கார்ந்து அழுதேவிட்டாள்.

அழுது முடித்துவிட்டுக் கோவிந்தராஜின் ஷேவிங் பிளேடை எடுத்தாள்.

அச்சடித்த நம்பர்களைத் தாள் கிழியாமல் சுரண்டினாள். வெளிக்கோட்டுக்கு நாற்பத்திரண்டு போய் முப்பத்திநாலு வந்தது. அவ்வளவோடு விட்டால் உள்ளே இருக்கிறவர்களை என்ன செய்வது? அப்படியே இறக்கிக்கொண்டே போனால் லோகநாயகிக்குக் கைக்குழந்தை அளவுதான் மிஞ்சும், அவளும் சண்டைக்கு வருவாள். ஆகவே உள்கோட்டு முப்பத்திரண்டை அப்படியே விட்டுவிட்டு, நடுவில் இருந்தவர்களை நெருக்கியடித்து உட்காரவைத்தாள். முப்பத்திரண்டரை, முப்பத்திமூன்று, முப்பத்திமூன்றேகால், முப்பத்திமூன்றரை. இந்த முப்பத்திமூன்றரை அவளுடைய சொந்த அளவுதான், நிஜத்தில் நாற்பது. குண்டூசியால் குத்தினமாதிரி சின்னச் சின்ன எழுத்தில், அச்செழுத்து தோற்றுப்போகிற மாதிரி எழுதினாள். குவார்ட்டர்ஸில் இனி முப்பத்திநாலுக்கு மேல் ஒரு பெண்ணும் கிடையாது.

பிறகு பார்வதத்திடம் போய், திருத்தின பேப்பர் இருக்கிறது, வந்து பாருங்கள் என்றாள். யார் திருத்தியது என்று பார்வதம் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லி என்ன ஆகப்போகிறது?

முதல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு பார்வதம் கண்ணாடிமுன் நின்ற நிற்பு இருக்கிறதே! கையை மேலே தூக்கினாள், கீழே விட்டாள், பின்னால் வளைத்தாள். ஒரு கொக்கி அசையவில்லை. நான்தான் அன்றைக்கே சொன்னேனே, எனக்கு முப்பத்திநாலு என்று. அப்புறம் மூன்று மாதம் அந்த நம்பரை அவள் சொல்லாத இடமில்லை. கீரைக்காரிக்குக்கூடத் தெரியும். கஸ்தூரி முப்பத்திமூன்றேகால் என்று தெரிந்ததிலிருந்து நடையே மாறிவிட்டது. அந்தக் காலும் அரையும் வந்து விழுந்ததில் எல்லாருக்கும் தனிப் பெருமை. எவ்வளவு துல்லியம் பார், டெய்லருக்கு வருமா இது? மத்தியானங்கள் திரும்பி வந்தன. ஜாக்கெட் மட்டுமில்லை, மறுவருஷம் நைட்டிக்கும் கவுனுக்கும் இன்னும் இரண்டு பாக்கெட் வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை பிளேடுதான். தாட்சாயிணி இல்லாமல் அந்த வரிசையில் ஒரு வளைகாப்பு, ஒரு பால் காய்ச்சு நடப்பதில்லை என்றாயிற்று. வெளியூரிலிருந்து மாற்றலாகி வருகிறவர்களிடம் பார்வதமே சொல்வாள், எங்க தாட்சா உள்ளூர்க்காரி, அவளைக் கேட்டால் எல்லாம் தெரியும் என்று.

இப்படியே போயிருக்கும். கும்மி வந்து கெடுத்தது.

தொண்ணூற்றுமூன்று பொங்கலுக்குக் குடியிருப்பு மைதானத்தில் மாதர் மன்றம் கும்மியடிப்பதாக முடிவாயிற்று. எல்லாருக்கும் ஒரே கத்திரிப்பூ நிற ஜாக்கெட். மொத்தமாக ஒரே துணி வாங்கியாயிற்று. நானே வெட்டித் தருகிறேன் என்று தாட்சாயிணி கெஞ்சாத குறை. பார்வதம் ஒப்பவில்லை. நீயும் ஒத்திகைக்கு வரவேண்டாமா, எத்தனை நாளைக்கு நீயே குனிந்துகொண்டிருப்பாய் என்று பாசத்தோடு சொல்லிவிட்டாள். பாசத்தை எதிர்த்து என்ன வாதாடுவது? அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கத்தில் கன்னியப்பன் என்று ஒருவன் புதிதாகக் கடை போட்டிருந்தான். அங்கே தொழிற்பேட்டையில் ஏற்றுமதித் துணி கம்பெனியில் வெட்டுகிற வேலை பார்த்துவிட்டு வந்தவன், சரியான வாயாடி. அவனிடம் துணியைக் கொண்டுபோனார்கள். அளவு ஜாக்கெட் கொண்டு வரட்டுமா என்று தாட்சாயிணி முந்திக்கொண்டு கேட்டாள். அதெல்லாம் பழைய காலம், நம்பர் சொன்னால் போதும், வெள்ளைக்காரனே நம்பரில்தான் உடுத்துகிறான் என்று அவன் மார் தட்டினான். பார்வதத்துக்கு அது பிடித்துப்போயிற்று. கணீரென்று நம்பர்களைச் சொன்னாள்.

கன்னியப்பன் பென்சிலை நிறுத்தினான். “முப்பத்தி மூணேகாலா? கம்பெனில இத்தினி வருசம் கீறேன்மா, கால் நம்பர் பாத்ததில்ல.”

“எங்க குவார்ட்டர்ஸ்ல எல்லாம் கச்சிதமா இருக்கும்” என்றாள் பார்வதம்.

 மறுநாள் காலையில் கோவிந்தராஜ் வேலைக்குப் போனதும் தாட்சாயிணி ரயிலேறி அம்பத்தூருக்கு ஓடினாள். மெதுவாக அவனிடம் சொல்லி, நம்பரை ஏற்றிவிடலாம் என்று கணக்கு. போனால், மேஜைமேல் கத்திரிப்பூ நிறத்தில் அடுக்கடுக்காக வெட்டி வைத்திருக்கிறான். கம்பெனி பழக்கம் அது. முப்பத்திரண்டுக்கும் முப்பத்திநாலுக்கும் நடுவில்தானே எல்லாம், துணியை அடுக்கிப் போட்டு ஒரே மூச்சில் வெட்டிவிட்டேன் என்று பெருமையாகக் காட்டினான். கொஞ்சம் பெரிதாக வெட்டியிருக்கக் கூடாதா என்று இவள் ஈனஸ்வரத்தில் கேட்டாள். நம்பர் நீங்கள் கொடுத்தது என்றான். அவள் வந்த வழியே திரும்பி ரயிலேறினாள்.

ஜாக்கெட்டுகள் வந்தன. ஒவ்வொருத்தி பேரும் எழுதிய கவரில். அன்று மத்தியானம் வரிசை முழுக்கக் கதவுகள் உள்தாழ்ப்பாள். தாட்சாயிணி வாசலில் நின்று ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லை. சாயங்காலம் கதவுகள் திறந்தன, எல்லார் முகத்திலும் சிரிப்பு. எப்படி இருக்கிறது? பிரமாதம். அளவு? அளவெடுத்த மாதிரி. லோகநாயகி மட்டும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே வெளியே வந்து கையை ஆட்டி ஆட்டிக் காட்டினாள். அவளுக்கு நிஜமாகவே முப்பத்திரண்டு, கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்து மற்றவர்கள் முகம் இன்னும் வெளுத்தது.

ஒருத்தியும் டெய்லரைச் சந்தேகப்படவில்லை பாருங்கள், அதுதான் வேடிக்கை. ஒவ்வொருத்தியும் தான்தான் ஊதிவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

இரண்டொரு நாள் கழித்து விடியற்காலையில் தாட்சாயிணி பால் வாங்கப் பருத்திப்பட்டில் அம்மா வீட்டுக்குப் போனாள். ஏரிக்கரையில் யாரோ வேகவேகமாக நடக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் பார்வதம். காலில் புருஷனுடைய கான்வாஸ் ஷூ. மூச்சு இரைக்கிறது, நிற்கவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு உருவம், தலையில் முக்காடு. அது கஸ்தூரி. கரை நடுவில் இருவரும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டார்கள். பிள்ளையாருக்கு வேண்டுதல், ஏரியைச் சுற்றுகிறேன் என்றாள் பார்வதம். கீரை வாங்க வந்தேன் என்றாள் கஸ்தூரி. அதற்குள் பின்னாலேயே இன்னும் மூன்று பேர், ஆளுக்கொரு காரணம். தாட்சாயிணி பனைமரத்துக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வயிறு வலிக்கிற அளவு சிரித்தாள்.

அப்போது கஸ்தூரி கரையிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். ராத்திரிச் சோற்றை விட்டுவிட்டாளாம். காலையிலும் வெறும் கஞ்சித்தண்ணிதான். அப்படியும் கை முட்டிக்கு மேல் ஏறமாட்டேன் என்கிறதாம் அந்தப் பாழாய்ப்போன ஜாக்கெட். மகனைத் தூக்கினால் தலை சுற்றுகிறதாம். தாட்சாயிணிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

பார்வதம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிறகு, “எனக்கும்தாண்டி ஏறல” என்றாள். அந்த ஒரு வார்த்தையில் மடை திறந்துகொண்டது. எனக்கும், எனக்கும். எல்லாருக்குமா? ஒரே வாரத்தில் எல்லாருமா பெருத்துவிட்டோம்? பார்வதம் நிமிர்ந்தாள். திருட்டுப்பயல், துணியை அடித்துவிட்டான்! ஒவ்வொன்றிலும் இவ்வளவு இவ்வளவு ஒதுக்கி மீதியை விற்றுத் தின்றுவிட்டான். லோகநாயகிக்கு மட்டும் பத்துகிறதே என்று யாரோ இழுத்தார்கள். அவளுக்குக் கைக்குட்டையில் தைத்தாலும் பத்தும் என்று சொல்லி அந்த வாயை அடைத்தாள் பார்வதம்.

அன்றைக்கே படை கிளம்பியது. வேண்டாம்க்கா, பிரிச்சு விட்டுக்கலாம்க்கா என்று தாட்சாயிணி பின்னாலேயே ஓடினாள். யார் கேட்கிறார்கள்? ரயில் முழுக்கக் கன்னியப்பனைத்தான் வறுத்தெடுத்தார்கள். கடை வாசலில் போய் நின்றபோது உள்ளே வேறு வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள். பார்வதம் கவரை மேஜைமேல் வீசி, துணி திருடன் என்று தெரு கேட்க ஒரு போடு போட்டாள். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நின்றிருந்த ஓர் அம்மாள் தைக்கக் கொடுத்த துணியைத் திரும்ப எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கன்னியப்பனுக்கு வாயாடித்தனமெல்லாம் எங்கே போயிற்றோ. மேஜைக்கடியிலிருந்து ஒரு மூட்டையை எடுத்து அவிழ்த்தான். மிச்சத் துணி, நறுக்குத்துண்டு வரை அப்படியே சுருட்டிக் கட்டி வைத்திருந்தான். பார்வதம் அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அவன் கழுத்திலிருந்த டேப்பை உருவினான். 

“நீங்க சொன்ன நம்பருக்குத்தான்மா தைச்சேன். யாரானா ஒருத்தர் வாங்க, இங்கியே அளந்துக்கங்க. தப்பு எம்மேல இருந்தா இன்னிக்கே கடைய மூடிக்கினு போயிடறேன்.”

டேப்பின் ஒரு முனை அவன் கையிலிருந்து தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. வீராவேசமாக வந்த படையில் ஒருத்தியும் அசையவில்லை. கஸ்தூரி ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்தாள். பார்வதம் மின்விசிறியைப் பார்த்தாள். கூட்டத்தில் எவனோ, பாத்தியா பேச்சையே மாத்தறான், திருடன் எல்லாம் இப்படித்தான் என்று சிரித்தான். கன்னியப்பனின் கண் கலங்கிவிட்டது.

தாட்சாயிணி மனசுக்குள் என்னென்னவோ ஓடியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பிக்கலாம். இவன் யார் நமக்கு? கடை போனால் திரும்பக் கம்பெனிக்குப் போவான். திறந்தால் மத்தியானங்கள் போயின, பேப்பர் போனது, ‘எங்க தாட்சா’ போனது. இத்தனையும் ஓடி முடிவதற்குள் கால் தானாக மேஜைப்பக்கம் போய்விட்டது. டேப்பை அவன் கையிலிருந்து வாங்கி, புடவை மேலேயே தன்னைச் சுற்றி இழுத்துப் பிடித்தாள். எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரித் திரும்பி நின்றாள்.

“நாப்பது. நான் இன்னா நம்பர் குடுத்தேன்? முப்பத்தி மூணரை. பேப்பர்ல இருந்த நம்பர பிளேடால சுரண்டிட்டு நான்தான்க்கா மாத்தி எழுதினேன். இந்தாள் மேல தப்பு இல்ல.”

மற்றவர்கள் நம்பரைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. இவள் மூன்றரை நாற்பது என்றால், என் மூன்றேகால் எத்தனை? ஒவ்வொரு உதடும் சத்தமில்லாமல் அசைவதை அவள் பார்த்தாள். பார்வதத்தின் உதடு மட்டும் அசையவில்லை. ஒரு கணம் தாட்சாயிணியையே பார்த்தாள், பிறகு திரும்பி ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள். மற்றவர்களும் கவரை அங்கேயே போட்டுவிட்டுப் பின்னாலேயே போனார்கள். என்னடி இப்படிப் பண்ணிட்டே என்று கேட்கக்கூட ஒருத்தி நிற்கவில்லை.

தாட்சாயிணி கடையிலேயே இருந்து ஒவ்வொரு கவரிலும் நிஜ அளவை எழுதிக்கொடுத்தாள். கன்னியப்பன் நல்லவன், ஒன்றும் கேட்கவில்லை. சிரிப்பை மட்டும் அடக்கமுடியாமல் அவ்வப்போது இருமினான். மிச்சத் துணியை வைத்து இரண்டு பக்கமும் பட்டை கொடுத்து, அக்குளில் சதுரத் துண்டு வைத்து, அவனும் இவளுமாக மறுபடி தைத்து முடித்தார்கள். கும்மி அமோகமாக நடந்தது. கையைத் தூக்கி அடித்த அடியில் ஒரு கொக்கி தெறிக்கவில்லை. தாட்சாயிணி வட்டத்தில் இல்லை. ஏன் ஆடவில்லை என்று கேட்ட கோவிந்தராஜிடம் கால்வலி என்றாள். வாயால் அவள் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும், அந்த மனுஷன் தைலம் தேய்த்துவிட உட்கார்ந்துவிட்டான்.

பொங்கல் முடிந்தது. தாட்சாயிணி மூன்று பேப்பரையும் விரித்துத் தன் பொய் நம்பர்களை எல்லாம் அடித்துவிட்டு, சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் நிஜ நம்பரை எழுதினாள். வெளிக்கோட்டில் 42, தள்ளி நின்று பார்த்தாலும் தெரியும். தையல் கூடையைத் துடைத்தாள், மெஷினுக்கு எண்ணெய் விட்டாள். மத்தியானம் கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தெருக்குழாயில் பார்த்தால் பேசத்தான் செய்தார்கள், வெயிலைப் பற்றி, தண்ணீரைப் பற்றி. அதைவிட இரண்டு அறை அறைந்திருக்கலாம். தை போய் மாசி வந்தது. மெஷினை விற்றுவிடலாமா என்று கோவிந்தராஜிடம் கேட்டாள், அவன் அவளுக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

ஒரு மத்தியானம் நிலைப்படியில் நிழல் விழுந்தது. பார்வதம். கக்கத்தில் செய்தித்தாள்.

தாட்சாயிணி எழுந்து வழிவிட்டாள். பார்வதம் உள்ளே வந்து, பெருமூச்சோடு தரையில் உட்கார்ந்து, செய்தித்தாளை விரித்தாள். பேப்பர் கட்டிங்கைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள். சிவப்பு எழுத்துகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக, நிதானமாக, வெளிக்கோடுவரை பார்த்தாள். தாட்சாயிணி சுவரோடு சுவராக நின்றாள்.

“ஏண்டி மாத்தி எழுதின?”

“மாத்தலன்னா நீங்க யாரும் எங்க ஊட்டுக்கு வர மாட்டீங்கக்கா.”

 பார்வதம் கார்பன் தாளை வைத்து, மை தீர்ந்த பேனாவை எடுத்து, வெளிக்கோட்டின் மேல் வைத்தாள். எங்கும் உள்ளே சரியவில்லை, நாற்பத்திரண்டின் மேலேயே பிசகாமல் ஓட்டிக்கொண்டு போனாள். முன்பக்கம், முதுகு, கை. முடித்துத் தாள்களை விலக்கிவிட்டு, வேறு பேனா கேட்டாள். தாட்சாயிணி கொடுத்தாள். செய்தித்தாளில் விழுந்திருந்த தன் படத்தின் நடுவே பார்வதம் பேர் எழுதினாள். பேருக்குக் கீழே பெரிதாக, அழுத்தமாக, 34 என்று எழுதி அடிக்கோடும் போட்டாள்.

“கஸ்தூரி வெளிய நிக்கறா, வெக்கப்பட்டுக்கிட்டு” என்றாள் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டே. “அவளுக்கு முப்பத்தி மூணேகால். ஞாபகம் இருக்குல்ல?”

இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு, தாட்சாயிணி கஸ்தூரியைக் கூப்பிட வாசலுக்குப் போனாள்.